திருவண்ணாமலை வட்டாரக் குடிகளின் இன அடையாளம்: பிறர் பார்வையும் அரசுப் பட்டியலும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தமிழ்ப் பெரும்பான்மையினரை ஒட்டி வாழும் சிறு குடிகளில் நரிக்குறவர், ஜவ்வாது மலை மலையாளிகள், இருளர் ஆகிய மூவரும் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், யாருக்கு உறவு என்று ஊரார் ஒன்று சொல்கிறார்கள், இவர்களே வேறொன்று சொல்கிறார்கள், அரசுப் பட்டியல் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. இவற்றுள் ஊரார் இட்ட பெயருக்கே நெடுங்காலம் வலு இருந்தது. அதைத் துலக்கமாகக் காட்டுவது நரிக்குறவர் வரலாறு.

அண்ணாமலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறம் உள்ளது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயிலும் மாணிக்கவாசகர் சந்நிதியும் இங்கே உள்ளன. பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தின்போதும் பாதையோரம் துணி விரித்துப் பாசிமணி, உருத்திராட்சம், ஸ்படிக மாலை விற்பவர்களில் நரிக்குறவர்கள் பலர். மணித்துளையில் மெல்லிய கம்பியை நுழைத்து, சிறு குறட்டால் வளைத்து, கொக்கியாக்கி, மிச்சத்தை நறுக்கிவிட்டு அடுத்த மணிக்குப் போகும் விரல்கள் பேச்சுக்காக நிற்பதில்லை. உள்ளூர்க்காரரிடம் தமிழ், ஆந்திராவிலிருந்து வந்த பக்தரிடம் தெலுங்கு, வடக்கத்தியாரிடம் இந்தி. பக்கத்தில் இருக்கும் குழந்தையை அதட்டும்போது மட்டும் வேறொரு மொழி வருகிறது.

அந்த மொழி வாக்ரிபோலி. எழுத்து வடிவம் இல்லாதது, இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, குஜராத்திக்கு நெருக்கமானது. ஜி. சீனிவாச வர்மா இதற்கு எழுதிய மொழியியல் விளக்க நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. இம்மக்கள் தங்களை ‘வாக்ரி’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ‘நரிக்குறவர்’, ‘குருவிக்காரர்’ ஆகிய இரண்டும் ஊரார் வைத்தவை. முன்னது நரி வேட்டையாலும் நரிக்கொம்பு, நரிப்பல் விற்றதாலும் வந்தது, பின்னது பறவை பிடித்ததால் வந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் இவர்கள் குருவிக்காரர் என்ற தலைப்பின்கீழ்தான் வருகிறார்கள்.

பெயரில் ‘குறவர்’ ஒட்டிக்கொண்டதும் கதை மாறிவிட்டது. தமிழ் வாசகர் மனத்தில் குறவர் என்றால் குறிஞ்சி நிலம், தினைப்புனம், வள்ளி, குறி சொல்லும் சிங்கி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி போன்ற நூல்களால் அந்த உருவம் ஊறிப்போயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் சினிமா அதற்கு உடையும் நடையும் கொடுத்தது. ‘ஒளிவிளக்கு’ (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடிய பாடல் இன்றும் மேடைக் கச்சேரிகளில் தவறாமல் இடம்பெறுகிறது. பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்கிறவர்கள் சங்க காலக் குறவரின் எச்சம் என்று மேடையிலும் பாடவேளையிலும் சொல்வது இப்படித்தான் வழக்கமாயிற்று. சொல்கிறவர்களுக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. சொல்லப்பட்டவர்களின் வீட்டு மொழியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தக் கூற்று ஒரு நாள்கூட நின்றிருக்காது.

தங்கள் தோற்றத்தைப் பற்றி வாக்ரிகள் சொல்வது வேறு. வடமேற்கிலிருந்து வந்தவர்கள், சத்திரிய மரபினர், சிவாஜியின் படையில் போரிட்டவர்கள், தோல்விக்குப் பின் காட்டுக்குள் ஒளிந்து வேட்டையால் பிழைத்தவர்கள் என்பது அவர்களிடையே பரவலாக வழங்கும் கதை. இதில் வடமேற்குத் தொடர்பை மொழி உறுதிப்படுத்துகிறது. படைவீரர் கதைக்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடிகள் பல, தோற்ற படையொன்றில் தம் முன்னோரை வைத்துப் பேசுவதைக் காணலாம் என்பதால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ளாமல் தன்மதிப்பின் குரலாகக் கேட்பதே பொருத்தம்.

அவர்களின் உள்முக அடையாளத்துக்கு இதைவிட உறுதியான ஆதாரம் சாமி மூட்டை. ஒவ்வொரு வம்சமும் தன் குலதெய்வமான அம்மனின் உருவையும் பலியின் குருதி தோய்ந்த துணிகளையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பாதுகாக்கிறது. வம்சத்துக்கு வெளியே உள்ளவர் அதைப் பிரிக்கக் கூடாது. எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என்ற இரு பெரும் பிரிவுகள் உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இந்தப் பிரிவுகளைப் பார்த்தே நடக்கிறது. ஜெர்மன் மானிடவியலர் லூகாஸ் வெர்த் 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தெய்வங்களையும் அவற்றின் மனிதர்களையும் மையமாகக் கொண்டது. முருகனுக்கும் வள்ளிக்கும் இந்த அமைப்பில் முதலிடம் இல்லை.

பட்டியல்களில் குறவர்

அரசுப் பட்டியல்களைப் புரட்டினால் ‘குறவர்’ என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்பது தெரியும். ‘குறவன், சித்தனார்’ பட்டியல் சாதிகளில் இருக்கிறது. உப்புக் குறவர், இஞ்சிக் குறவர், தப்பைக் குறவர் என ஊரையும் தொழிலையும் வைத்து அழைக்கப்பட்ட பல பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில் உள்ளன. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபின், போலீஸ் கைரேகையும் ஆஜர் பதிவும் சுமந்த குடிகளின் வழியில் வந்த பட்டியல் அது. நரிக்குறவரோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள்.

அவர்களைப் பழங்குடியினராகச் சேர்க்கலாம் என்று 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறருடன் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவையே அக்குழு வைத்த அளவுகோல்கள். திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்று மூன்று மொழியில் கூவி விற்கிறவர்களிடம் கூச்சத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி யாருக்கும் எழும். மலையில் மறைந்து வாழ்பவரே பழங்குடி என்ற படிமத்தில் வார்த்த அளவுகோல், நாடோடிக் குடிகளுக்கு எப்போதும் சரியாகப் பொருந்தியதில்லை.

இதற்கிடையே மாநில எல்லைக்கு அப்பால் அதே மக்களுக்கு வேறு தகுதி கிடைத்திருந்தது. கர்நாடகத்தில் வாக்ரிபோலி பேசும் ஹக்கிபிக்கிகள் பழங்குடியினர். ஆந்திரத்தில் ‘நக்கல, குருவிக்காரன்’ என்ற பதிவு 2003இல் பழங்குடிப் பட்டியலில் ஏறியது. சித்தூரில் சம்பந்தி வீடு பழங்குடி, வேலூரில் பெண் வீடு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற விசித்திரம் ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. தமிழ்நாட்டில் 2008இல் நரிக்குறவர் நல வாரியம் அமைக்கப்பட்டது. முதலமைச்சர்கள் பலர் டெல்லிக்குக் கடிதம் எழுதினர். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அவ்வாண்டு டிசம்பரில் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. 2023 ஜனவரியில் சட்டம் ஆனபோது, அதுவரை 36 பதிவுகள் இருந்த தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவரும் குருவிக்காரரும் 37ஆவது பதிவாயினர். பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டு.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களின் வாதம் கவனிக்கத்தக்கது. தமிழ் பேசும் குறவர் அமைப்புகள் சில, வாக்ரிகளுக்குச் சலுகை கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை, தங்கள் பெயரைக் கொடுப்பதில்தான் ஆட்சேபம் என்றன. தாங்கள் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்த பெயரும், அதன்மேல் விழுந்த குற்றப் பழியும் தங்களுடையவை, இன்னொரு மொழியினர் அந்தப் பெயரில் பழங்குடியாவது எப்படி என்று கேட்டன. அதே காலத்தில் மேடைகளில் ஆபாசமாக ஆடப்பட்ட ‘குறவன் குறத்தி ஆட்டம்’ பற்றிய வழக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரே பெயரின்கீழ் கட்டப்பட்ட இரு மக்களும் அந்தக் கட்டை அவிழ்க்கவே விரும்பினார்கள், கட்டியவர் இருவருமல்லர்.

நரிக்குறவரை ஐரோப்பாவின் ரோமா மக்களுக்கு உறவினராகச் சொல்வதும் உண்டு. ரோமா மொழி இந்திய மொழிகளுக்கு உறவானது என்பது 1780களிலேயே ஜெர்மன் அறிஞர்களால் காட்டப்பட்டது. ஆனால் இரண்டும் இந்தோ-ஆரிய மொழிகள் என்பதற்கு மேல் நேரடி உறவுக்கு ஆதாரம் கிடையாது. நாடோடி, மணி மாலை, கூடாரம் என்ற தோற்ற ஒற்றுமையை வைத்துக் கட்டியது இந்த உறவு.

மலையாளிகளும் இருளரும்

திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசுகிறவர்கள். சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள், கவுண்டர் என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பதே இவர்களின் மரபுக் கதை. அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையேறிய கதையைத் தர்ஸ்டனும் பதிவு செய்திருக்கிறார். அரசோ இவர்களைப் பழங்குடியினர் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகளே சுமார் 3.58 லட்சம். ‘நாங்கள் சமவெளி வேளாளர்’ என்று கதை சொல்லும் மக்களே மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி என்பதில் முரண் தெரியலாம். மலையேறிய சில தலைமுறைகளில் தனி ஊர் நிர்வாகம், தனி மணமுறை, தனி வழிபாடு என்று இவர்கள் வேறொரு மக்களாக ஆகியிருந்தார்கள் என்பதுதான் வகைப்பாட்டின் அடிப்படை.

ஆனால் பழங்குடிப் பட்டியலில் மலையாளிகளின் பதிவு ஆளோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதப்பட்டது: தருமபுரி, வடஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் இன்றைய ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழ் பெற முடியாமல், பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை வைத்து வருகிறார்கள். பட்டியலில் இடம் பெற்றவர்களுக்கும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த அவர்களில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். செம்மரக் கடத்தல்காரர், மரம் வெட்டும் கூலி, பழங்குடி என்று ஒரே ஆளுக்குச் செய்திகளில் மூன்று பெயர் கிடைத்தது அப்போதுதான்.

சமவெளி இருளரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீலகிரிப் பக்கத்து இருளருக்குத் தனி மொழி உண்டு; வட மாவட்ட இருளர் தமிழே பேசுகிறார்கள். பாம்பு பிடிப்பவர், எலி பிடிப்பவர் என்று தொழிலைக் கொண்டே ஊரார் இவர்களை அறிந்திருந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத் தோல் வணிகத்தை நிறுத்தியபின், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கும் தொழிலாக அதை மாற்றியது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் மொத்தம் சுமார் 1.9 லட்சம் பேர். பட்டியலில் இவர்கள் இடம் பற்றி வழக்கில்லை. செங்கல் சூளையிலும் ஏரிக்கரையிலும் குடியிருக்கும் குடும்பத்துக்குச் சான்றிதழ் கைக்கு வருவதுதான் பாடு.

பிற நாடுகளில் இதே வழக்கு

பிறரின் இனத்தைப் பெரும்பான்மையினர் தீர்மானிப்பதற்குப் பல்கேரியா நன்கறிந்த எடுத்துக்காட்டு. மாசிடோனிய மொழி பல்கேரிய மொழியின் ஒரு வடிவமே என்பது அந்நாட்டின் பொதுவான நிலைப்பாடு. 1992 ஜனவரியில் மாசிடோனியாவை முதலில் அங்கீகரித்ததும் பல்கேரியாதான், மொழிச் சச்சரவால் 2020இல் அதன் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைத் தடுத்ததும் பல்கேரியாதான். ரோடோப்பி மலையில் பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களான பொமாக்குகள் ‘மதம் மாற்றப்பட்ட பல்கேரியர்’ எனப்பட்டனர். 1984-85இல் துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்கள் கட்டாயமாக ஸ்லாவியப் பெயர்களாக மாற்றப்பட்டன. 1989இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள்.

தமிழருக்கு இதில் மிக நெருக்கமானது இலங்கை. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியான தம் கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறானவர் என்று வாதிட்டார். சட்டசபையில் சோனகருக்குத் தனி இடம் தருவது பேச்சில் இருந்த காலம் அது. 1889இல் அந்த இடம் கொடுக்கப்பட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பு நூல் எழுதினார். வீட்டில் தமிழ் பேசியும் தமிழர் என்ற அடையாளத்தைச் சோனகர் ஏற்கவில்லை. வீட்டில் தமிழ் பேசாத வாக்ரிகளுக்கோ தமிழ்க் குறவர் அடையாளம் கேட்காமலே வழங்கப்பட்டது. இரண்டிலும் முடிவு செய்தது மொழியல்ல, சொல்கிறவரின் தேவை.

சான்றிதழ் விசாரணை

தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களுக்கு நடைமுறை வகுத்தது. விண்ணப்பித்தவரின் தெய்வம், சடங்கு, மணமுறை, ஈமமுறை ஆகியவை அவர் உரிமை கோரும் குடியோடு ஒத்துப்போகின்றனவா என்று மானிடவியல் அறிந்தவரைக் கொண்டு பார்ப்பது அதில் ஒரு கட்டம். பள்ளிக்கூடம் போய், நகரத்தில் வளர்ந்து, குலச் சடங்கை மறந்த பிள்ளை அந்தக் கேள்விகளில் தடுமாறினால் ‘போலி’ என்ற சந்தேகம் வந்துவிடும். ஒரு தலைமுறை முன்னேறியதே அதன் அடையாளத்துக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இந்த ஒப்புமைச் சோதனையே இறுதி உரைகல் ஆகாது என்றும், அரசமைப்புச் சட்டத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கு அதிக மதிப்பு உண்டு என்றும் கூறியது. நிலமும் முகவரியும் இல்லாமல் கூடாரத்தில் வாழ்ந்த தாத்தாவுக்கு 1950க்கு முந்தைய காகிதம் இருப்பது அரிது. ஆகவே வாக்ரிக் குடும்பங்களைப் பொறுத்தவரை கோட்டாட்சியர் அலுவலகம் பழைய கேள்விகளுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது: வீட்டில் என்ன மொழி, எந்த அம்மன், எருமையா ஆடா.