கண்வலிக் கிழங்கும் இப்னு ஸீனாவின் ஏழாம் விதியும்

மூலிகை மருந்து நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாது என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. அதனை மறுக்கப் பழனி மலையடிவாரத்தில் விளையும் ஒரு கிழங்கின் வரலாறே போதும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலாவது செங்காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டார உழவர் இதனைக் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு, விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்னும் பொருளே இதற்குக் காரணம். அரபு மருத்துவர்கள் மூட்டு வலிக்குக் கையாண்ட சூரிஞ்சான் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேவும் காவந்துவும் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கீல்வாதத்துக்கு இது சிறந்த மருந்து. அளவு சற்று மிகுந்தால் உயிர்க்கொல்லி. இக்கிழங்கை உண்டு இறந்தோர் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு.

எனவே மருந்தின் தீங்கை முன்னறிவது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. இது புதிய வினா அன்று. அர்-ராஸீ (865–925) பாதரசத்தைத் தம்மிடமிருந்த குரங்கொன்றுக்குக் கொடுத்து, அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்ததைப் பதிவு செய்தார். அந்தலூஸின் இப்னு ஸுஹ்ர் (இறப்பு 1162) மூச்சுக்குழாய் அறுவையை முதலில் ஆட்டிடம் செய்து பார்த்தார். ஆயினும் இப்னு ஸீனா (980–1037) தமது அல்-கானூனின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க வகுத்த ஏழு விதிகளில் இறுதியானது, சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும் என்பதாகும். மனிதனை நோக்க வெப்பமான மருந்து, சிங்கத்தையோ குதிரையையோ நோக்கக் குளிர்ச்சியாயிருக்கலாம் என்பது அவர் காட்டும் காரணம்.

இவ்விதியின் நுட்பத்தை இருபதாம் நூற்றாண்டு மெய்ப்பித்தது. 1930-இல் ஹலப் நகருக்கருகே பிடிக்கப்பட்ட பொன்னிற ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியினம், உலக ஆய்வகங்களெங்கும் பரவியது. கோல்சிசினை இவ்விலங்கு பிற விலங்குகளைவிடப் பன்மடங்கு தாங்குகிறது என்று 1952-இல் அறியப்பட்டது. இதை மட்டும் கொண்டு சோதித்திருந்தால் கண்வலிக் கிழங்கு தீங்கற்றதென்றே தீர்ப்பாகியிருக்கும்!

சோதனை முறையும் மாறி வந்துள்ளது. சோதிக்கப்படும் விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவைக் கணிக்கும் முறையை 1927-இல் டிரெவன் வகுத்தார். அதற்கு விலங்குகள் பல மடிய வேண்டியிருந்தது. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு அப்பழைய வழிகாட்டியை 2002-இல் நீக்கியது. இன்று படிக்கு மூன்று எலிகள் போதும். கிலோ எடைக்கு 2,000 மில்லிகிராம் அளவிலும் தீங்கில்லையெனில் பொதுவாக அதற்குமேல் செல்வதில்லை. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச்சட்டம், இயன்றவிடத்தெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட மருந்து விதிகள், மனித உயிரணு வளர்ப்பு முதலிய மாற்றுமுறைகளை ஏற்றன.

மூலிகைக்கு இன்னொரு சிக்கலுண்டு. ஒரே இலையின் நீர்ச்சாறும் சாராயச்சாறும் வேறுவேறு பொருள்களைக் கொண்டவை; ஒன்றன் முடிவு மற்றதற்குச் சான்றாகாது. அதற்கும் முன்னதாகத் தாவரம் இன்னதென்று ஐயமற அறிய வேண்டும். செண்பகனூர் இயேசு சபைத் துறவியரின் நெடுநாள் சேகரிப்பும், கே. எம். மேத்யூ அடிகளார் 1999-இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூலும் அவ்வகையில் பெருந்துணை. அம்மலையிலிருந்து கொணரப்படும் எந்த மூலிகையின் ஆய்வுக்கும் இதுவே முதற்படி.

உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தேவையற்ற வேதனை எவ்வுயிர்க்கும் ஆகாது என்பது அதன் பொருள். ஆயின் எவ்விதச் சோதனையுமின்றிச் சூரணத்தை விற்பவன் விலங்குகளைக் காத்தவனாகான்; தன்னை நம்பி வந்த நோயாளியையே அவன் சோதனைப் பொருளாக்குகிறான். அந்நோயாளிக்கோ தான் சோதிக்கப்படுவதே தெரியாது. எலிகள் பிழைத்தன என்பதை மட்டும் காட்டித் தீங்கற்றதென விளம்பரம் செய்பவனோ இப்னு ஸீனாவின் ஏழாம் விதியை மறந்தவன். எலியிடம் பெறும் முடிவு எச்சரிக்கையாகலாம், உத்தரவாதமாகாது. ஆகவே குறைந்த உயிர்களைக் கொண்டு, குறைந்த வேதனையுடன், தெளிந்த வினாவுக்கு விடை தேடுவதும், மனிதரிடம் வரும்போது சிற்றளவில் தொடங்கி அவர்தம் ஒப்புதலுடன் செல்வதுமே மருத்துவ அறிஞர்க்குரிய அமானிதமாகும்.