ஒரு சேலை, ஒரு டேங்கர் தண்ணீர்

சங்கரன்கோவிலில் சில தெருக்களுக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான். விசைத்தறிச் சத்தம் அப்படி. அங்கே தறியிலிருந்து இறங்கிய காட்டன் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தறிக்காரர் நோட்டில் அதன் கணக்கு சுத்தமாக இருக்கிறது: பாவு, ஊடு, சாயம், நெசவுக் கூலி, கரண்டு. தார் சுற்றும் அம்மாவின் கூலிகூட விடுபடவில்லை.

சேலை வந்த வழியே திரும்பிப் போனால் முதலில் நூல் மில். பக்கத்து ராஜபாளையத்திலேயே நிறைய உண்டு. தமிழ்நாட்டு மில்களுக்குப் பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பேல் பேலாக வருகிறது. நம் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி இப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், ஐப்பசி மழையை அந்த வெடிப்பு வழியே குடித்துவைக்கும். அந்த ஈரத்தை வைத்தே, பாசனமில்லாமல், கருங்கண்ணி காய்த்து வெடித்துவிடும். வாடகை கேட்காத தண்ணீர்க் கிட்டங்கி!

பருத்தித் துணி கிலோவுக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் போகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அரைக் கிலோ சேலைக்கு 5,000 லிட்டர். கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்கும் டிராக்டர் டேங்கர் ஒன்று. டேங்கர்காரருக்குக் காசு கொடுக்காமல் விடுவோமா? மழைக்கு யார் பில் போடுவது?

போட்டுப் பார்த்த கம்பெனி ஒன்று உண்டு. ஷூ, பனியன் விற்கும் ஜெர்மனியின் பூமா, தன் தொழிலால் 2010இல் தண்ணீர், நிலம், காற்றுக்கு நேர்ந்த செலவைப் பணமாக்கியது: 14.5 கோடி யூரோ. தன் ஆபீஸ், கடை, கிட்டங்கியால் ஆனது அதில் 6 சதவீதம்தான். 57 சதவீதம் தோலும் பருத்தியும் ரப்பரும் உருவாகும் கடைக்கோடியில் கிடந்தது. இந்த எண்களை அப்படியே நம்பச் சொல்லவில்லை; மழைத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் ஒரே விலை வைக்க முடியுமா? ஆனால் கை காட்டிய திசை சரி. செலவு தறியில் இல்லை, காட்டில். (எங்கள் பக்கம் புஞ்சைக்குக் காடு என்றுதான் பெயர்.)

இங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் தண்ணீர், கழிவுக் கணக்கைச் சொல்லியாக வேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியது. தறிக்காரர் அந்த வரிசையில் இல்லை.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சேலை விலை போகிறது. பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார் ஓர் அம்மா. "நூல் விலை ஏறிப்போச்சும்மா, கட்டுப்படியாகாது" என்கிறார் கடைக்காரர். அந்த அம்மா வாங்கிக்கொண்டு சங்கரநாராயணர் கோயிலுக்குப் போகிறார். அங்கே பிரசாதம் புற்று மண். கொஞ்சம் காகிதத்தில் மடித்து, பைக்குள் புதுச் சேலைக்கு மேல் வைத்துக்கொள்கிறார்.