மாத்திரைக்கு மூத்த வைத்தியம்: மருந்துக்கு அடங்காத மனச்சோர்வும் சென்னையின் மேற்குப் புறநகரும்

இரண்டு வெவ்வேறு மனச்சோர்வு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் ஏறத்தாழ ஆறு வாரம் உட்கொண்டும் குணம் தெரியாவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். மாத்திரை வந்த பிறகே பிறக்க முடிந்த வகைப்பாடு இது. ஆனால் அந்நிலையில் கைகொடுக்கும் சிகிச்சைகளுள் மிக வலுவானது மாத்திரைக்கு மூத்தது. இந்த வரலாற்று முரணை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் நின்று பார்க்கிறது இக்கட்டுரை.

இப்பகுதி மக்களுக்கு அரசு மனநல மருத்துவமனை என்றால் கீழ்ப்பாக்கம்தான். 1794இல் அறுவை மருத்துவர் வேலன்டைன் கானலி புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம் அதன் வேர். 1871இல் லோகாக் தோட்டத்துக்குப் போய், 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், 1978இல் மனநல நிலையம் என்றும் பெயர் மாறியது. நெடுங்காலம் அங்கே அடைத்துக் காப்பதுதான் முதல் வேலை. வைத்தியம் பின்னால்தான் வந்தது.

1934இல் புடாபெஸ்டில் மெடுனா கற்பூரத்தால் வலிப்பை உண்டாக்கி மனச்சிதைவைக் குணப்படுத்த முயன்றார். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அத்தகைய வலிப்பை உண்டாக்க மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மனச்சிதைவுக்கென்று தேடிய வைத்தியம் கடும் மனச்சோர்வுக்கே அதிகம் பலித்தது என்பது போகப்போகத் தெரிந்தது.

முதல் மாத்திரையோ காசநோய் வார்டிலிருந்து வந்தது. ஐசோநியசிட் மருந்தின் வேதியியல் உறவான ஐப்ரோநியசிட், 1952 வாக்கில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனைக் காசநோயாளிகளை விசித்திரமான உற்சாகத்தில் ஆழ்த்தியது. 1957இல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். ரோலண்ட் குன் இமிப்ரமினை அறிவித்ததும் அதே காலத்தில். சென்னையிலும் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, ஐசோநியசிட் உள்ளிட்ட மாத்திரைகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு இணையான பலன் உண்டு என்று நிறுவியது. வீட்டோடு வைத்தியம் என்ற நம்பிக்கை இந்நகரில் வேரூன்றியதில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு என்பது என் கருத்து. மனநோய்க்கு அந்த நம்பிக்கை பாதிதான் பொருந்தியது.

மாத்திரைகள் பெருகப் பெருக, ‘ஷாக்’ எனப்பட்ட அந்த மின்அதிர்வு ஓர் அச்சமாகச் சுருங்கியது. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது: இந்தியாவில் பல இடங்களில் மயக்கமருந்தே இல்லாமல் மின்சாரம் கொடுக்கப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதே ஆண்டு சார்த்தக் என்ற அமைப்பு, மயக்கமருந்தில்லா மின்அதிர்வை நிறுத்தக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடைசெய்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் கீழும் மின்அதிர்வு கூடாது என்றது. உணவும் நீரும் மறுத்துக் கிடக்கும் நோயாளிக்கு இந்த இரண்டாவது விதி சில வேளை கெடுதலாகவே முடியலாம்.

இன்றைய நடைமுறை சினிமாவில் காட்டுவதுபோல் இல்லை. இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் நரம்பில் மயக்க ஊசி, தசை தளர்த்தும் மருந்து, வாயில் பல்காப்பு. சில நொடி மின்சாரம், ஒரு நிமிடத்துக்கு உள்ளாகவோ சற்றுக் கூடவோ வலிப்பு. அது வெளியே தெரிவது கால்விரல் துடிப்பாக மட்டுமே. கண்விழித்த பின் சிறிது நேரக் குழப்பம், சமீபத்திய நினைவுகளில் சில ஓட்டைகள். அந்த நினைவிழப்பைக் குடும்பத்திடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

ஆனால் ‘மருந்து கேட்கவில்லை’ என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் மருந்து கேட்காமலில்லை. தூக்க மாத்திரை என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர், குடியை மறைத்தவர், தைராய்டு குறைந்தவர், இருதுருவ நோயின் ஒரு பாதியை மட்டும் காட்டியவர் இவர்களோடு கலந்திருப்பார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஸ்டார் டி ஆய்வில், முதல் மருந்தில் முழுதும் தேறியவர் மூன்றில் ஒருவரே. இரண்டு மருந்து தோற்றபின் மூன்றாவது தேற்றியது ஏழு பேரில் ஒருவரை. மாத்திரையை மாற்றிக்கொண்டே போகப் போகப் பலன் குறைகிறது என்று அப்போது தெரிந்தது.

ஏற்கெனவே உள்ள மருந்தோடு லித்தியம் சேர்ப்பது 1981இல் மோன்டிக்னி குழு காட்டிய வழி. மலிவு, பழையது, நல்லது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலையருகே எட்டு மணிநேரம் வியர்த்து நிற்பவருக்கு உடலில் நீரும் உப்பும் குறைந்தால், வழக்கமான அளவே நஞ்சாகக்கூடும். மருந்துச் சீட்டு எழுதுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘எங்கே வேலை?’ என்பதே.

புதிய வழிகளும் உண்டு: மூளைக்கான காந்த அலைத் தூண்டலுக்கு அமெரிக்கா 2008இல் ஒப்புதல் தந்தது. மயக்கமருந்தாகப் பழகிய கேட்டமின் மனச்சோர்வை மூன்று நாளுக்குள் தணிக்கும் என்று 2000இல் ஒரு சிறு ஆய்வு காட்ட, அதன் மூக்குத் தெளிப்பு வடிவம் 2019இல் ஒப்புதல் பெற்றது. பேச்சு வைத்தியத்தை இவற்றுக்கு இளைத்ததாக எண்ணுவது தவறு. மருந்து பலிக்காதவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில், ஆறு மாதத்தில் 46 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம், சேர்க்காதவர்களில் 22தான்.

மேற்குச் சென்னையின் பெயர்பெற்ற மனநல அமைப்புகள் மனச்சோர்வுக்காக எழுந்தவை அல்ல. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவுக்கானது. 1993இல் தொடங்கிய பேன்யன், மனநோயுற்று வீடற்றிருந்த பெண்களுக்காக எழுந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் உடைந்திருப்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

அவருக்குப் பெருந்தடை நேரம். மின்அதிர்வு என்றால் வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் உடன் ஒருவர் வரவேண்டும். காந்த அலை என்றால் வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். ஷிஃப்ட் மாற்றிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஈஎஸ்ஐ காப்பீட்டில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியத்துடன் நோய்ப்பயன் உண்டு. நீட்டித்த பயனுக்கான நீண்டகால நோய்களின் பட்டியலில் உள்ளிருந்து எழும் மனச்சோர்வும் இருக்கிறது. தகுதி இருந்தால் இரண்டாண்டு வரை 80 விழுக்காடு. தகுதிக்கு இரண்டாண்டுத் தொடர்வேலை வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகப் பதிவாகிறவருக்கு அந்தத் தொடர்ச்சியை நிரூபிப்பதே பெரும்பாடு.