திகன 2018: ஆத்திரமும் அமைப்பும்

2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததற்கு, தெருச் சண்டையொன்று மூட்டிய ஆத்திரமே காரணம் என்ற விளக்கம் இன்றும் எடுபடுகிறது. நாட்களை எண்ணிப் பார்த்தாலே அது நிற்காது. தெல்தெனியப் பகுதியில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியது பெப்ரவரி 22ஆம் திகதி. சந்தேகநபர்கள் கைதாகினர், சட்டம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் அச்சாரதி இறந்தார். அப்பகுதியின் திகன நகர் எரிந்தது 5ஆம் திகதி.

மரணச் செய்திதான் பொறி என்பர். அப்படியே வைத்துக்கொண்டாலும், அதே மாவட்டத்தின் அம்பத்தென்னைக்கும் அக்குறணைக்கும் அந்த வீதிச் சண்டையோடு என்ன தொடர்பு? 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமான பின்னரே அவ்வூர்கள் தாக்கப்பட்டன. அயலவர் கோபம் ஊர் விட்டு ஊர் தேடிப் போவதில்லை. ஆட்களைத் திரட்டிக் கொண்டுபோக அமைப்பு வேண்டும்.

அந்த அமைப்பு ஒளிந்திருக்கவுமில்லை. சிங்களத் தீவிரவாத அமைப்பான மஹசொன் பலகாயவின் தலைவர் அமித் வீரசிங்க திகன நகரில் நடந்தபடி பேசிய காணொளி அந்நாட்களில் பரவியது. சிங்களவர் கடைகளைத் தேடி எண்ணியும் சிலவே கிடைத்தன, இந்த நகரம் முஸ்லிம்களுடையதாகிவிட்டது என்பதே அவர் முறைப்பாடு. இறந்த மனிதருக்கு நீதி கேட்பதல்ல அது. கடைப்பலகைகளை இனவாரியாகக் கணக்கெடுப்பது. பின்னர் எரிந்தவற்றில் கடைகள் ஏராளம் என்பதை இதனோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 7ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்பும் கேட்டது. ஆனால் பேஸ்புக் பரப்பியது. எழுதியவர்கள் இங்கே இருந்தார்கள்.

1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின் தொடர்ச்சியாக இதைக் காண்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று கம்பளையில் பள்ளிவாசல் முன்னே பெரஹரா மேளம் அடித்துச் செல்லலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிருந்தது; பிணக்குக்கு ஓர் இடமும் ஒரு பொருளும் இருந்தன. திகனவில் அப்படியொரு பிணக்கே இல்லை. 2012இல் உருவான சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனா வளர்த்த முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சும், முஸ்லிம்களுக்கு எதிரான 2014 அளுத்கம வன்முறைக்குப் பின் தண்டனை பெரிதாக எவரையும் தொடாததும்தான் இதன் அண்மை வேர்கள்.

கிரேக்கத்தின் அதிதீவிர வலதுசாரிக் கட்சியான 'பொன் விடியல்' இங்கே ஒப்புநோக்கத் தக்கது. 2013இல் பாடகர் பாவ்லோஸ் பிசாஸைக் கத்தியால் குத்திக் கொன்றவன் அக்கட்சிக்காரன் ஒருவனே. ஆயினும் வழக்கு அவனோடு நின்றுவிடவில்லை. கட்டளை எங்கிருந்து வந்தது என்று மேலே ஏறியது. 2020 ஒக்டோபரில் அக்கட்சித் தலைமையே குற்றக் கும்பலை நடத்தியதாக ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலங்கையில் வழக்கு ஆளோடு நின்றது. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐசிசிபிஆர்) சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்ட வீரசிங்க 2018ஆம் ஆண்டிலேயே பிணையில் வந்தார். 2019 மே மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் மினுவாங்கொடை எரிந்தபோது மீண்டும் கைதானார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, பொதுபல சேனாவைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2021 ஏப்ரலில் வெளிவந்த வர்த்தமானி பதினொரு அமைப்புகளைத் தடைசெய்தது. பொதுபல சேனா அதில் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர், அவ்வமைப்பின் பொதுச் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர்.