உடைமையாளர் உள்ள பூட்டு: லினக்ஸ் கோப்பு முறைமையில் செமஃபோரிலிருந்து மியூட்டெக்ஸுக்கு

2006-ஆம் ஆண்டு ஜனவரியில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், கோப்புகளையும் கோப்பகங்களையும் காத்துவந்த செமஃபோர் என்னும் அமைப்பு நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மியூட்டெக்ஸ் என்னும் பூட்டு வைக்கப்பட்டது. கணினியைப் பயன்படுத்துவோரின் கண்ணுக்கு எந்த மாறுதலும் தெரியவில்லை. ஆயினும், இரண்டு வேறுபட்ட பணிகளை ஒரே கருவியின் மேல் சுமத்திவந்த நாற்பதாண்டு வழக்கம் கோப்பு முறைமையில் முடிவுக்கு வரத் தொடங்கியது இந்த மாற்றத்தால்தான் என்பதால், இயங்குதள வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

செமஃபோரை வகுத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பல செயல்முறைகள் ஒரே நேரத்தில் இயங்கும் கணினியில் அவை ஒன்றன் தரவை மற்றொன்று சிதைக்காமல் இருக்க வழி தேடிய அவர், 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தை உருவாக்கி, 1965-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அதை விரிவாக விளக்கினார். ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் அமைத்த இயங்குதளத்தில் அதைப் பயன்படுத்தியதை 1968-இல் வெளியான கட்டுரையில் பதிவு செய்தார். செமஃபோர் என்பது ஓர் எண்ணும், அந்த எண்ணைக் குறைப்பதற்கும் கூட்டுவதற்குமான இரண்டு செயல்களும் சேர்ந்த அமைப்பு. எண்ணைக் குறைக்க வரும் செயல்முறை, அதற்கு இடமில்லை என்றால் உறங்கிக் காத்திருக்க வேண்டும். வேறொரு செயல்முறை எண்ணைக் கூட்டும்போது அது எழுப்பப்படும். டைக்ஸ்ட்ரா இதற்கு இரண்டு பயன்களைக் கண்டார். ஒரு நேரத்தில் ஒரே செயல்முறை மட்டும் ஒரு தரவைத் தொடுமாறு காப்பது ஒன்று; ஒரு வேலை முடிந்ததை மற்றொரு செயல்முறைக்கு அறிவிப்பது இன்னொன்று. முதல் பயனுக்குரிய செமஃபோருக்குத் தம் எடுத்துக்காட்டுகளில் அவர் இட்ட பெயரே மியூட்டெக்ஸ். ஆக, வேறுபாடு தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. கருவி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் கருவிக்குக் கோப்பு முறைமையே இயல்பான இருப்பிடமாக அமைந்தது. பூட்டுக்காகக் காத்திருக்கும்போது செயலியை விடாமல் சுழன்றுகொண்டே இருக்கும் சுழல்பூட்டு, மிகக் குறுகிய நேரத்துக்கே பொருந்தும். வட்டிலிருந்து தரவு வரும்வரை பல மில்லிநொடிகள் காத்திருக்க நேரும் கோப்பு வேலைகளுக்கு, உறங்கிக் காத்திருக்க இடந்தரும் பூட்டு தேவைப்பட்டது. 1996-இல் வெளியான 2.0 பதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைத் தாங்கியபோது கெர்னல் முழுவதையும் காத்த பெரும்பூட்டுகூட, அதை வைத்திருக்கும் பணி, அதாவது செயல்முறை, உறங்கச் செல்லும்போது தானாகவே விடுபட்டுவிடும் என்பதால், கோப்பு முறைமைக்குத் தனிக் காவல் இன்றியமையாததாயிற்று. ஒவ்வொரு கோப்பையும் கோப்பகத்தையும் பற்றிய விவரங்களைத் தாங்கும் ஐநோட் என்னும் கட்டமைப்புக்குள் 'ஐ-செம்' என்ற செமஃபோர் வைக்கப்பட்டு, கோப்பில் எழுதுவது, கோப்பகத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பது, நீக்குவது ஆகிய செயல்கள் அதன் காவலில் நடந்தன. அதன் தொடக்க எண் ஒன்று. ஆகவே, எண்ணும் ஆற்றல் கொண்ட ஒரு கருவி இங்கு எதையும் எண்ணாமல், வெறும் பூட்டாகவே வேலை செய்தது.

இந்த ஏற்பாட்டின் குறை, செமஃபோருக்கு உடைமையாளர் இல்லை என்பதே. எண்ணைக் குறைத்த பணிதான் அதைக் கூட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாததால், தவறான இடத்தில் விடுவிக்கப்பட்ட பூட்டையோ இருமுறை விடுவிக்கப்பட்ட பூட்டையோ கெர்னலால் பிழை என்று அடையாளம் காண முடியவில்லை. மற்றொரு பயனான அறிவிப்பிலும் சிக்கல் இருந்தது. ஒரு பணி தன் தற்காலிக நினைவகத்தில் செமஃபோரை வைத்துக் காத்திருந்து, விழித்து, அந்த நினைவகத்தை விட்டு நீங்கிய பின்னும், அதை எழுப்பிய பணி அதே செமஃபோரைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பது தெரியவந்தபோது, வேலை முடிந்ததை அறிவிப்பதற்கென்றே கம்ப்ளீஷன் என்ற தனி அமைப்பு 2001-இல் கொண்டுவரப்பட்டது. இரண்டு பயன்களில் ஒன்று இவ்வாறு முதலில் பிரிந்தது.

2005 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் மியூட்டெக்ஸை முன்வைத்தபோது அடுத்த பிரிவு நிகழ்ந்தது. இதன் விதிகள் கண்டிப்பானவை: ஒரு நேரத்தில் ஒரே பணி மட்டுமே பூட்டை வைத்திருக்கலாம், பூட்டிய பணியே திறக்க வேண்டும், ஏற்கெனவே தான் வைத்திருக்கும் பூட்டை அதே பணி மீண்டும் பூட்டக் கூடாது, பூட்டை வைத்துக்கொண்டே ஒரு பணி முடிந்துவிடவும் கூடாது. மோல்னார் இவற்றோடு அளவீடுகளையும் தந்தார். எட்டுச் செயலிகள் கொண்ட கணினியில் 16 பணிகள் ஒரே கோப்பகத்தில் கோப்புகளை உருவாக்கி அழித்த சோதனையில், செமஃபோர் வழியில் நொடிக்குச் சராசரியாக 34,713 சுற்றுகளும் மியூட்டெக்ஸ் வழியில் 84,153 சுற்றுகளும் நிகழ்ந்தன. செயலிப் பயன்பாடு 63 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. 32-பிட் எக்ஸ்86 கணினிகளில் செமஃபோருக்கு 20 பைட்டுகள் தேவைப்பட, மியூட்டெக்ஸுக்கு 16 பைட்டுகளே போதுமானதாக இருந்தன. ஐநோட்டின் பூட்டை மாற்றும் திருத்தத்தை ஜெஸ் சோரன்சன் எழுத, மோல்னார் அதை நிறைவு செய்தார். 'ஐ-செம்' என்ற பெயரும் 'ஐ-மியூட்டெக்ஸ்' என மாறியதால், பழைய பெயரைப் பயன்படுத்திய நிரல் எதுவும் தொகுப்பியைத் தாண்டிச் செல்ல முடியாமல், விடுபட்ட இடங்கள் தாமாகவே வெளிப்பட்டன. 2006 மார்ச்சில் வெளியான 2.6.16 பதிப்பில் இம்மாற்றம் இடம்பெற்றது.

வேகத்தையும் சிக்கனத்தையும் செமஃபோரைச் செப்பனிட்டே பெற முடியாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை அடுத்த சில ஆண்டுகளில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான 2.6.18 பதிப்பில், பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்பதைப் பதிவு செய்து, இரண்டு பணிகள் ஒன்றுக்காக ஒன்று முடிவின்றிக் காத்துத் தேங்கும் டெட்லாக் நிலைக்கு வாய்ப்பிருந்தால், அது நிகழும் முன்பே எச்சரிக்கும் லாக்டெப் என்ற சோதனை அமைப்பு சேர்ந்தது. எந்தப் பணி எந்தப் பூட்டை வைத்திருக்கிறது என்று திட்டமாகத் தெரிந்தால் மட்டுமே இத்தகைய சோதனை பொருள்படும். பெயர்மாற்றம் போன்ற செயல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஐநோட்டுகளைப் பூட்ட வேண்டியிருப்பதால், தாய்க் கோப்பகம், சேய் என்ற உறவு நிரலிலேயே குறிக்கப்பட்டது. வல்லுநர்களின் நினைவிலும் ஆவணத்திலும் இருந்த ஒழுங்கு, இயந்திரம் சரிபார்க்கக்கூடிய ஒழுங்காக மாறியது. 2009-இல் பீட்டர் ஜில்ஸ்ட்ரா உள்ளிட்டோர் சேர்த்த மற்றொரு மேம்பாடும் உடைமையாளரை அறிவதையே அடிப்படையாகக் கொண்டது: பூட்டை வைத்திருக்கும் பணி அக்கணத்தில் வேறொரு செயலியில் இயங்கிக்கொண்டிருந்தால், அது விரைவில் பூட்டை விடும் என்று கருதி, காத்திருக்கும் பணி உறங்காமல் சற்றுச் சுழன்று பார்க்கும்.

செமஃபோர் முற்றிலும் மறையவில்லை. 2008-இல் மேத்யூ வில்காக்ஸ், ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருந்த அதன் நிரல்களை நீக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவான எளிய சி மொழி நிரலாக அதை மாற்றி எழுதினார். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில், வட்டுக்குச் செல்லும் தரவைத் தாங்கும் இடையகத்தை ஒரு பணி பூட்ட, எழுத்து முடிந்ததும் வேறொரு சூழல் அதைத் திறக்க வேண்டியிருப்பதால், அங்கு உடைமையாளர் இல்லாத செமஃபோரே இன்றும் பொருந்துகிறது. ஐநோட்டின் பூட்டும் மியூட்டெக்ஸாகவே நிலைத்துவிடவில்லை. ஒரே கோப்பகத்தில் பல பணிகள் இணையாகப் பெயர்களைத் தேடுவதற்கு வழிசெய்ய, அல் விரோ 2016-இல் வெளியான 4.7 பதிப்பில் அதை, படிப்போர் பலருக்கும் எழுதுவோர் ஒருவருக்கும் இடந்தரும் படிப்பு-எழுத்து செமஃபோராக மாற்றினார். பெயரில் செமஃபோர் என்றிருந்தாலும், எழுதுவதற்காக எடுத்த பணியே அதை விடுவிக்க வேண்டும் என்ற விதியும் லாக்டெப்பின் கண்காணிப்பும் அதற்கும் உண்டு.

2006-இல் மியூட்டெக்ஸுக்கு ஆதரவாகக் கூறப்பட்ட காரணங்களுள் அளவுச் சிக்கனம் நீடிக்கவில்லை. புதிய வசதிகள் சேரச்சேர மியூட்டெக்ஸ் செமஃபோரைவிடப் பெரிதாகிவிட்டது. வேக வேறுபாடும் அக்காலத்து நிரல்களின் அமைப்பைச் சார்ந்ததே. பூட்டுக்கு ஓர் உடைமையாளர் உண்டு என்ற விதியும், அவ்விதி மீறப்படும்போது அதைக் கண்டறிய முடியும் என்ற உறுதியுமே நிலைத்து நின்றன. அம்மாற்றத்தின் உண்மையான பயன் இவையே.