பத்தாளாவிலிருந்து பாதமலைக்கு



சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையின்போது தமிழகத்து அன்பர் ஒருவர் என்னைத் தேடிக் கரைத்தீவுக்கு வந்தார். புத்தளத்தின் பழமையை ஒருநாட் பொழுதிலே சுற்றிப் பார்க்க வேண்டும், கூட்டத்தோடு கூட்டமாகப் போவது தமக்கு ஒவ்வாது, ஊரறிந்த ஒருவர் தனியே உடன்வந்து காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் சற்றுத் தயங்கினேன். காலிக்குப் போகிறவரைக் கோட்டை மதிலின் மேலே நடத்திச் சென்று காட்டலாம். அநுராதபுரத்திலோ காட்டுவதற்கு ஒருநாள் போதாது. புத்தளத்திலே எதைக் காட்டுவது? தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

கற்பிட்டியிலே கோட்டை இருக்கிறது. பவளப்பாறையும் சுண்ணாம்பும் கொண்டு 1667 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை அது. களப்பின் வாயை அடைத்துக் கண்டி இராச்சியத்தின் வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளவே அதனைக் கட்டினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கடற்படையினரின் பொறுப்பில் இருக்கின்றது. பார்க்க வருவோருடன் கடற்படை வீரர் ஒருவர் கூடவே நடந்துவந்து காட்டுவது அங்கு வழக்கம். அதே கற்பிட்டியிலே 1807 இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூல், இத்தீவின் ஊர்களை அகர வரிசையிலே ஒவ்வொன்றாக அழைத்துச் சென்று காட்டுகின்ற ஒரு வழிகாட்டியேயன்றி வேறன்று. புலவர் வரலாறு கூறும் அவருடைய 'தமிழ் புளூட்டாக்'கை நம்மவர் அறிவர். ஆனால் இந்த இடவிளக்க நூலை எடுத்துப் படிப்போர் சிலரே.

கோட்டையும் காசிச்செட்டியும் நானூறு ஆண்டுக்குட்பட்ட செய்திகள். வந்த அன்பர் கேட்டதோ அதற்கும் முந்திய பழமையை. அந்தப் பழமையைத் தனி வழிகாட்டிகளோடு சுற்றிப் பார்த்த ஒருவரின் கதை நம்மிடம் உண்டு. இன்று நேயர்களுக்கு நான் சொல்ல எண்ணியதும் அதுவே.

மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலே 1304 இல் பிறந்தவர் இப்னு பதூதா. இருபத்தொரு வயதிலே, 1325 இல், மக்கா யாத்திரைக்கெனப் புறப்பட்டவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். டில்லியிலே நீதிபதி, மாலைத்தீவிலே நீதிபதி என்று போன இடமெல்லாம் பதவியும் வகித்தார். மாலைத்தீவின் பெரியவர்களோடு மனம் வேறுபட்டு, 1344 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, மஃபர் என்று அரபிகள் வழங்கிய சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறினார். கடலறிந்த மாலுமி அக்கப்பலில் இல்லை. மூன்று நாளிலே முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாளாக நீண்டது. ஒன்பதாம் நாளிலே, வானை நோக்கி எழுந்த புகைத்தூண் போல ஒரு மலை தெரிந்தது. அதுதான் சிவனொளிபாதமலை, அரபிகளின் வாயிலே ஸரந்தீப் மலை.

கரையை அணுகியதும் கப்பலோட்டிகள் நடுங்கினர். வணிகர் அச்சமின்றி இறங்கக்கூடிய துறையன்று அது, ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவன் கொடியவன், கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்றனர். காற்றோ வலுத்தது. கப்பல் அமிழ்ந்துவிடுமோ என்ற நிலையிலே, தம்மை மட்டும் கரையிறக்கினால் மன்னனிடம் அடைக்கலம் பெற்றுத் தருவதாக இப்னு பதூதா முன்வந்தார். இறங்கினார். யாரென்று வினவியவர்களிடம், தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்றும், கப்பலிலுள்ளவை அவருக்குரிய பரிசுகள் என்றும் கூறினார். உறவு உண்மை. மதுரையை ஆண்ட அச்சுல்தானின் மனைவியின் சகோதரியை இவர் மணந்திருந்தார். பரிசு என்றது எவ்வளவு உண்மையோ, அதை அவர் மனமே அறியும்!

மன்னனைக் கண்ட இடத்தை அவர் 'பத்தாளா' என்று குறிக்கின்றார். அது நமது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆணை அந்நாளிலே இக்கரைவரை செல்லுபடியாயிற்று. முத்துக்குளிப்புக் காலத்திலே மன்னன் இங்கு வந்து தங்கியிருத்தல் இயல்பே. சிறிய, அழகிய நகர், சுற்றிலும் மரத்தாலான மதில், மரத்தாலான காவற் கோபுரங்கள். ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கடற்கரையெங்கும் குன்றுகளாகக் குவிந்து கிடந்தன. மஃபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர். மன்னனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகத் தந்தனர். நகரைப் பற்றி அவர் தருவது இவ்வளவே. இந்த நாலைந்து செய்திகளின் மேலேதான் நாங்கள் இன்றுவரை கனவு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொடியவன் என்று கப்பலோட்டிகள் பயமுறுத்திய மன்னன், விருந்தினரைக் கண்டதும் எழுந்து வந்து அருகில் இருத்தினான். மஃபர் சுல்தான் தனக்கு நண்பர் என்றான். மூன்று நாள் விருந்து நடந்தது. அவனுக்குப் பாரசீகம் விளங்கியது. மொரோக்கோவிலே பிறந்தவரும் தமிழ் மன்னனும் பேசிக்கொண்டது பாரசீகத்திலே. இதனைப் புனைவென்று தள்ள வேண்டியதில்லை. 65 ஆண்டுகளின் பின்னர், 1409 ஆம் ஆண்டு பொறித்த சீனத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டொன்று 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளும் ஒரே கல்லில் உள்ளன. கொழும்பு நூதனசாலையிலே அதனை இன்றும் காணலாம். இக்கரையின் வணிக மொழிகள் அவை.

முத்துக்களைப் பரிசளித்த மன்னன், கூச்சமின்றி வேண்டியதைக் கேட்கச் சொன்னான். பாதமலையைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் தமக்கு வேண்டாம் என்றார் பயணி. அதிலென்ன சிரமம் என்று மன்னன் ஏற்பாடு செய்தான். அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க மன்னனின் அடிமைகள். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வர். அந்தணர் மூவர். அரண்மனைப் பரிவாரத்தார் பதின்மர். உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர். ஒரு மனிதர் ஊர் பார்ப்பதற்கு, பல்லக்குச் சுமப்போரை விட்டே, முப்பத்திருவர் துணை. வந்தவர் முஸ்லிம், அனுப்பியவன் சைவ மன்னன், வழி தெரிந்தவர் யோகிகள். எவரும் இதை ஒரு புதுமையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. எழுதியவரும் கணக்கைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

முதல்நாள் ஓர் ஆற்றங்கரையிலே தங்கி, மூங்கிற் கழிகளாலான தெப்பத்தில் ஆற்றைக் கடந்தனர். அடுத்து மன்னனின் எல்லையிலிருந்த ஓர் ஊரிலே பெருவிருந்து. பின்னர் 'பந்தர் சலாவத்' என்ற சிறு நகர். அது சிலாபம். முத்துக்குளிப்பைச் சலாபம் என்று நாம் வழங்குவதை எண்ணுங்கால் அப்பெயரின் பொருளும் தெளிவாகும். அதற்கப்பால் கரடுமுரடான காட்டுவழி, நிறைய நீரோடைகள், நிறைய யானைகள். யாத்திரிகரை அவை தீண்டா; இவ்வழியை முதன்முதலிலே முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்ட பெரியார் ஷெய்கு அபூ அப்துல்லாஹ்வின் பேறே அதற்குக் காரணம் என்று அவர் குறித்து வைத்தார்.

அடுத்து அவர் அடைந்த தலைநகர் 'குனக்கார்'. குருணாகல் என்பர் சிலர். இரத்தினபுரி என்பர் வேறு சிலர். இரு குன்றுகளுக்கு இடையிலே, ஒரு பெரிய ஏரியின் அருகிலே அமைந்தது அந்நகர். என் மனத்தை விட்டகலாத செய்தி ஒன்று அங்கேதான் வருகிறது. நகருக்கு வெளியே ஷீராசு நாட்டு ஷெய்கு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. பாதமலைக்கு வருவோருக்கெல்லாம் வழிகாட்டியாக விளங்கியவர் அவர். ஒருமுறை அவர் ஒரு பசுவைக் கொன்றுவிட்டார். அந்நாட்டு வழக்கப்படி அதற்கு மரண தண்டனை. எனினும் அவர்மீது மக்கள் வைத்த மதிப்பினாலே உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினர். அதனோடு நிற்கவில்லை, அவருடைய வாழ்வுக்கென ஒரு சந்தையின் வருமானத்தையும் ஒதுக்கினர். தண்டித்த கையே சோறும் அளந்தது. அதன்பின் அவருடைய புதல்வரும் அடிமைகளும் வழிகாட்டும் தொழிலை ஏற்றனர். அரசனும் குடிகளும் அவரிடம் சென்று அவரைப் போற்றினர். அரசர் பெயரும் போர்க்களமும் படித்துப் படித்துச் சலித்த நமக்கு, ஒரு வழிகாட்டியின் வாழ்வும் தாழ்வும் ஒரு நூலிலே கிடைப்பது அரிதான பேறு.

மலையடியிலே அட்டைகள். நீர்நிலைக்கு அண்மையிலுள்ள செடிகொடிகளிலிருந்து அவை மனிதர்மேல் பாயும். எலுமிச்சம்பழத்தைக் கையிலே வைத்திருந்து சாற்றைப் பிழிந்தால் விழுந்துவிடும் என்பது உள்ளூரார் கற்றுத் தந்த பாடம். சிங்கராசாக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்றும் இந்தப் பாடம் பயன்படும். மலைக்கு இரு வழிகள்: ஆதமின் பேரால் பாவா வழி, ஏவாளின் பேரால் மாமா வழி. மாமா வழி எளிது, ஆனால் அதனாலே ஏறியவர் யாத்திரை செய்தவராகக் கருதப்படார். பாவா வழி செங்குத்தானது. முன்னோர் படி வெட்டி, இருப்பாணி அறைந்து, பற்றி ஏறச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கு நின்று கீழே நோக்குகிறவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தாலே தானாகவே கலிமா ஓதிவிடுவானாம்! பாதச்சுவட்டின் நீளம் பதினொரு சாண். வழக்கப்படி மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் தரிசித்து, மாமா வழியாலே இறங்கினர்.

திரும்பும் வழியிலே தேவேந்திரமுனை. அங்கே பெருங்கோவில், ஆயிரம் அந்தணரும் யோகியரும், இரவுதோறும் ஆடிப்பாடும் ஐந்நூறு மகளிர். அக்கோவிலை 1588 இல் போர்த்துக்கேயர் தரைமட்டமாக்கினர். ஆகவே அதன் பழைய பொலிவை அறிய இவரைப் போன்றோர் எழுதி வைத்ததே நமக்குக் கதி. பின்னர் காலி, கொழும்பு. கொழும்பிலிருந்து மூன்றாம் நாள் மீண்டும் பத்தாளா. ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்று சொன்ன கப்பற்றலைவன் சொன்னபடியே அங்கு காத்திருந்தான்.

இவையெல்லாம் 1355 இல், பாசு நகரிலே, இப்னு ஜுஸை என்ற எழுத்தர் கேட்டெழுத இப்னு பதூதா சொன்னவை. சொன்னது பல ஆண்டுகள் கழித்து. நினைவு தவறிய இடங்களும் இருக்கலாம். ஆயினும் வழித்துணைவர் சொன்னதைச் சொன்னதாகவும், தாம் கண்டதைக் கண்டதாகவும் பெரும்பாலும் அவர் பிரித்தே வைக்கிறார். கிரேக்க நாட்டைச் சுற்றிய பௌசானியாசு என்பவர், ஆர்கோசு நகர வழிகாட்டிகள் தாம் சொல்வது முழுவதும் மெய்யன்று என்று அறிந்தே சொல்கின்றனர் என 1800 ஆண்டுகளுக்கு முன்னரே குறைப்பட்டார். அந்தக் குறை பழமையானது, என்னையும் தொட்டது.

தயக்கத்துக்கு வேறு காரணம் உண்டு என்றேனல்லவா? ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வெளியூர் ஆசிரியர் சிலரைப் புத்தளத்திலே அழைத்துச் சென்றேன். மதில் எங்கே, கோபுரம் எங்கே என்று அவர்கள் கேட்டுக்கொண்டே வந்தனர். ஏமாற்றத்தோடு அனுப்ப மனமின்றி, களப்போரத்திலே பற்றை மண்டிய ஒரு மேட்டைக் காட்டி, ஆரியச் சக்கரவர்த்தியின் மாளிகை நின்ற இடம் இதுதான் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. அவர்கள் மகிழ்ந்து படம் எடுத்துக்கொண்டனர். நானும் அதை மறந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு தமிழகத்து அன்பருடன் வாடகை வண்டியிலே சென்றேன். ஓட்டுநர் இளைஞர். நான் எதுவும் சொல்லு முன்னரே அந்த மேட்டின் அருகே வண்டியை நிறுத்தினார்.

"சேர், இதுதானே ராசாவின் மாளிகை இருந்த மேடு? எங்கள் வாப்பாவும் வண்டி ஓட்டினவர். வருகிற எல்லாருக்கும் இதைத்தான் காட்டுவார்."

அன்பர் படக்கருவியை எடுத்துவிட்டார். எனக்கு முகம் வியர்த்தது. அன்று என்னை ஏற்றிச் சென்றவர் இவருடைய தந்தையார்தான் என்பது விளங்கிற்று. அவர் காலமாகிவிட்டார் என்றார் இளைஞர். இறந்தவரின் சொல்லாக மகன் போற்றி வந்ததை எப்படி மறுப்பது? ஆனாலும் சொன்னேன். வாப்பா பொய் சொல்லவில்லை, என்னிடம் கேட்டதைச் சொன்னார். ஆதாரமின்றி அதைச் சொன்னவன் நான் என்றேன்.

இளைஞர் சிறிது நேரம் வண்டியின் வளையத்தைப் பிடித்தபடி இருந்தார். "அப்படியென்றால் மாளிகை எங்கே, சேர்?"

மதில் மரம், கோபுரம் மரம். கல் எதையும் நூல் சொல்லவில்லை என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார். களப்புக்கரை வந்ததும் அன்பரே நிறுத்தச் சொன்னார். இறங்கினோம். சோளகக் காற்று வலுத்து வீசிக்கொண்டிருந்தது. தோணிகளைக் கரைக்கு இழுத்துக் கட்டியிருந்தனர். அந்தக் கப்பல் வந்ததும் சோளகக் காலத்திலேதான் என்று அன்பரிடம் கூறினேன். காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, கறுவாக் குன்றுகளின் கதையை இளைஞர் என்னிடம் முதலிலிருந்து கேட்டார்.