சூம்பின கையும் தசைகளின் கல்வியும்
(ஒரு வரலாற்று நோக்கு)

மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில், சூம்பின கையையுடைய ஒரு மனிதனைச் சந்திக்கிறோம். அப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது ஓய்வுநாளைப் பற்றியும், பரிசேயரின் கடின இருதயத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம். அந்தக் கையைப் பற்றியோ நாம் அதிகம் கேட்பதில்லை. கை ஏன் சூம்புகிறது? ஆண்டவர் அம்மனிதனிடம் கையை நீட்டும்படி சொன்னாரே, நீட்டுதல் என்னும் அச்செயல் எவ்வாறு நிகழ்கிறது? இவை மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆயினும் இக்கேள்விகளைச் சிலர் பொறுமையோடு கேட்டதன் பயனாக, நமது நாட்டிலேயே ஆயிரக்கணக்கான கைகள் மீண்டும் நீண்டன. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. கைகால்களின் அமைப்பு

தசையைப் பற்றிய முதற்பாடம் மிக எளியது. தசை சுருங்கி இழுக்க வல்லது, தள்ள வல்லதன்று. ஆகவே கைகால்களின் ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் அமைந்துள்ளன. மேற்கையின் முன்புறத்து இருதலைத் தசை முழங்கையை மடக்குகிறது. பின்புறத்து முத்தலைத் தசை அதனை நீட்டுகிறது. தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை முழங்காலை நீட்ட, பின்தொடைத் தசைகள் அதனை மடக்குகின்றன. கெண்டைக்கால் தசை குதிகாலை உயர்த்த, முன்காலின் தசை பாதத்தை மேல்நோக்கித் தூக்குகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது இணங்கித் தளர்கிறது. இவ்விணக்கம் இல்லையேல் நடையும் இல்லை, வேலையும் இல்லை.

விரல்களின் அமைப்போ இன்னும் நுட்பமானது. விரலை அசைக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் மட்டுமே மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. இவையன்றி உள்ளங்கைக்குள் சிறு தசைகள் சில உண்டு. அவற்றுள் நான்கு, மண்புழுவைப் போல் மெலிந்திருப்பதால் புழுவடிவத் தசைகள் எனப்படுகின்றன. எலும்புகளின் இடையே கிடப்பவை எலும்பிடைத் தசைகள். இச்சிறு தசைகளே விரலை அடிமூட்டில் மடக்கி, மற்ற இரு மூட்டுகளிலும் நீட்டுகின்றன. எழுதுகோலைப் பிடிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், சோற்றைத் திரட்டி வாய்க்குக் கொண்டுபோவதும் இவற்றின் துணையாலேயே. வல்லமை புயத்தில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். ஆனால் புயத்தின் வல்லமையைப் பயனுள்ளதாக்குவது கண்ணுக்குப் புலப்படாத இச்சிறியவையே. பலவீனமாய்க் காணப்படும் அவயவங்களைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

2. பெயரற்ற ஏழைகளின் கொடை

இவ்வறிவு எங்கிருந்து கிடைத்தது? ஆங்கில உலகில் இதனை மாணவர்க்குக் கற்பித்த தலையாய நூல் 1858-இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலாகும். அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். இருவரும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் சடலங்களை அறுத்து, ஒவ்வொரு தசையும் எங்கே தோன்றி எங்கே பொருந்துகிறது என்பதைக் கண்டு எழுதினர். கிரே 1861-இல் பெரியம்மையால் இளவயதிலேயே இறந்தார். நூலுக்கு அவர் பெயரே நிலைத்தது. கார்ட்டரின் பெயரை அறிந்தோர் சிலரே.

ஆனால் அவ்விருவரையும்விட மறக்கப்பட்டோர் உளர். இங்கிலாந்தில் 1832-ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோர உறவினர் வராத சடலங்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளிக்க வழிசெய்தது. அத்தகைய சடலங்கள் யாருடையவை? ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் திக்கற்று இறந்தவர்களுடையவை. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. நாம் இன்று படிக்கும் தசைகளின் பெயர்களுக்குப் பின்னே, பெயர் பதிவாகாத அவ்வேழைகளின் கைகளும் கால்களும் கிடக்கின்றன. ஆகவே இவ்வறிவு தொடக்கத்திலிருந்தே ஒரு கடனைச் சுமந்துள்ளது. ஏழைகளிடமிருந்து பெறப்பட்டது ஏழைகளுக்கு எவ்வாறு திரும்பும்?

கார்ட்டர் 1858-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அங்கே அவர் கவனம் தொழுநோயாளர்மேல் சென்றது. அந்நோயால் நரம்புகள் தடித்துக் கெடுவதை அவர் ஆராய்ந்து எழுதினார். தசைகளை அழகுற வரைந்த கை, அத்தசைகளை இழந்தோரின் பக்கம் திரும்பியது. எனினும் அக்கைகளைச் சீர்ப்படுத்தும் வழி அந்நாளில் தோன்றவில்லை.

3. மானிப்பாயில் அங்காதிபாதம்

கடனைத் திருப்பும் பணியில் முதற்படி மொழியால் ஆயது. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியும் போதனையும் மேற்கொண்டார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் உத்தியோகங்களை நாடி வெளியே செல்வதையும், கிராம மக்களோடு தங்குவோர் தமிழ்வழி பயில்வோராகவே இருப்பர் என்பதையும் கண்டு, 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். 1873-இல் அவர் நாடு திரும்புமுன் அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கிரேயின் நூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. இலண்டனில் முதற்பதிப்பு வந்து பதினான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அதற்கு முன் 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. பின் 1875-இல் ‘கெமிஸ்தம்’ வந்தது. அங்காதிபாதம் என்ற சொல்லே இன்று நமக்கு அந்நியமாய் ஒலிக்கிறது. அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் தொடங்கியதைத் தொடராமற்போன நமது குறையாகும். கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்துபோயிற்று. எனினும், தன் உடம்பைத் தன் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமை கிராமத்தானுக்கும் உண்டு என்பதை அவர்கள் நிலைநாட்டிச் சென்றனர்.

4. செங்கல்பட்டில் ஒரு கேள்வி

மானிப்பாயில் அந்நூல் வெளிவந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், தமிழ்நாட்டில் இரண்டாம் படி தொடங்கியது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இன் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947-இல் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் நிலையத்திற்கு மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். வழியெங்கும் மடங்கிச் சுருண்ட கைகள். இக்கைகளுக்கு ஏன் எவரும் ஒன்றும் செய்யவில்லை என்று பிராண்ட் கேட்டார். எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரேனும் இவற்றை ஆராய முன்வந்ததில்லை என்பதே காக்ரேனின் மறுமொழி.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். வலியால் துடிக்கும் அளவுக்கு அப்பிடி வலுவாயிருந்தது. இந்தச் சிறு நிகழ்ச்சியின் பொருளை உடற்கூறு அறிந்தவரே உணர முடியும். கை செயலற்றதென்று உலகம் எண்ணியது. ஆனால் முன்கையின் மடக்கு தசைகள் முழு வலிமையோடு உயிர்த்திருந்தன. செத்திருந்தவை உள்ளங்கையின் சிறு தசைகளே.

நூற்றுக்கணக்கான நோயாளரைத் தசை தசையாகச் சோதித்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆகவே தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளே கெடுகின்றன. முழங்கையின் உட்புறத்திலும் மணிக்கட்டின் நடுவிலும் நரம்பு கெடுவதால், அவ்விடங்களுக்குக் கீழே உள்ள சிறு தசைகள் வாதமுறுகின்றன. ஆழத்திலுள்ள பெருந்தசைகள் தப்புகின்றன. விரல்கள் குறைந்துபோவதும் சதை தானே அழுகுவதாலன்று. உணர்ச்சியற்ற கையில் தீச்சுடலும் வெட்டும் புண்ணும் கவனிக்கப்படாமற் போவதாலேயே பெரும்பாலும் அச்சேதம் நேர்கிறது.

வழி திறந்தது. விரல் ஒவ்வொன்றையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. ஒன்று போதும், மற்றதைத் தானமாகத் தரலாம். அதனை அவிழ்த்து, கீற்றுகளாகப் பிளந்து, செத்த சிறு தசைகளின் வேலையைச் செய்யும்படி விரல்களின் பக்கங்களில் தைத்தனர். அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னல் முதலியோர் காயமுற்ற கைகளுக்குச் செய்துவந்த முறையை, 1948 முதல் வேலூரில் தொழுநோயாளருக்குப் பயன்படுத்தலாயினர். அவர்களைப் பொது மருத்துவமனைகளில் சேர்க்கும் வழக்கமே அக்காலத்தில் அரிது. தொங்கிப்போன பாதத்திற்கும் இவ்வாறே, கெண்டைக்காலின் ஆழத்தில் தப்பியிருந்த தசையின் நாணை முன்புறமாக மாற்றிப் பாதத்தைத் தூக்கச் செய்தனர். இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டுமென்று யோவான் ஸ்நானன் போதித்தான் அன்றோ? அந்நியாயம் ஓர் உடலுக்குள்ளேயே நிறைவேறக் காண்கிறோம்.

5. நோயாளியும் மாணவரே

அறுவையோடு பணி முடிவதில்லை. நேற்றுவரை விரலை மடக்கிய தசை இன்று அதனை நீட்ட வேண்டும். கட்டு அவிழ்ந்தபின், நோயாளி பல வாரங்கள் பயிற்சி செய்து தன் தசைகளை மீண்டும் கற்றுக்கொள்கிறார். இவ்வகையில் கல்வி, மருத்துவரிடமிருந்து நோயாளிக்குக் கடந்து செல்கிறது. மேலும், வடிவம் திரும்பினாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. ஆகவே கண்ணால் கண்டு கையைக் காக்கவும் அவர் பழக வேண்டும். திருந்திய கைகளுக்கு வேலையும் தேவைப்பட்டது. அதற்காகவே 1951-இல் வேலூரில் ‘நவஜீவன நிலையம்’ எழுந்தது. தச்சு முதலிய தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. 1955-இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

இப்பணியில் மேரி வர்கீஸ் அம்மையாரை மறத்தல் கூடாது. 1954-இல் நேர்ந்த விபத்தால் தண்டுவடம் சிதைந்து, அவர் கால்களின் தசைகள் யாவும் செயலிழந்தன. எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் 1966-இல் வேலூரில் தோன்றிய மறுவாழ்வு நிலையத்திற்குத் தலைமை ஏற்றார். தம் கால்களை இழந்தவர் பிறர் கைகளை நீட்டச் செய்தார்.

6. நமக்குரிய கடன்

பிராண்ட் 1966-இல் அமெரிக்கா சென்று, 2003-இல் மறைந்தார். உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை நோயைக் குணமாக்குகிறது. இந்தியாவில் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக இருந்த விதி 2019-இல் அகற்றப்பட்டது. சட்டம் தன் நாவைத் திருத்திக்கொண்டது. நமது பிரசங்க பீடங்கள் திருத்திக்கொண்டனவா?

லேவியராகமத்தின் சாராத் என்னும் எபிரெயச் சொல் ஆடைக்கும் வீட்டுச் சுவருக்கும் உரியதாகக் கூறப்படுகிறது. அது இன்றைய தொழுநோய் ஒன்றையே குறிப்பதன்று என்பதை இறையியல் மாணவர் அறிவர். அறிந்தும், பாவத்தின் சாயலாக அந்நோயைக் காட்டிப் பேசுவதை நாம் விட்டோமில்லை. நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பவர், தன் விரலில் உணர்ச்சி குறைவதை மறைத்து வைத்திருக்கலாம். நமது உவமை அவரை மருத்துவரிடம் செல்லாமல் தடுத்தால், அக்கை சூம்பியதற்கு நாமும் பொறுப்பாளிகள். நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படும் நிலையில் இது கற்பனைக் கவலையன்று.

இலண்டனின் திக்கற்றோர் சடலங்களில் தொடங்கிய கல்வி, மானிப்பாயில் தமிழ் பேசி, செங்கல்பட்டில் மடங்கிய ஒரு கையைப் பற்றியது. ஏழையிடம் பெற்றது ஏழைக்குத் திரும்பியது. இரக்கம் மட்டும் அக்கையை நீட்டவில்லை. அறிவு மட்டும் அதனைத் தொடத் துணியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து இணங்கும் தசைகளைப் போலச் செயற்பட்டபோதே கை நீண்டது. மாற்குவின் அப்பகுதியை அடுத்தமுறை வாசிக்கையில், ஓய்வுநாளைப் பற்றிப் பேசுமுன் அந்தக் கையைச் சற்று உற்று நோக்குவோமாக.